சந்தனம் தனியே வளராது: தொண்டைமானாற்றில் ஒரு மானாவாரிக் காணியின் அனுபவம்

2015ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்குச் சற்று முன்னர் 20 சந்தனக் கன்றுகளை வாங்கி எங்கள் காணியில் நட்டேன். வீதியோரம் வாகனத்தில் வைத்து விற்ற ஒருவரிடம் வாங்கியவை. அடுத்த ஆனி மாதம் எண்ணிப் பார்த்தபோது 17 கன்றுகள் பட்டுப்போயிருந்தன. பல வருடங்கள் பாடசாலையில் விவசாயம் படிப்பித்தவன் நான். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

பட்டதற்கான காரணம் பிறகுதான் விளங்கியது. கன்று இருந்த ஒவ்வொரு பொலித்தீன் பைக்குள்ளும் அதன் அடியில் ஒரு பொன்னாங்காணிச் செடி இருந்தது. களை என்று நினைத்து, நடுவதற்கு முன் 20 பைகளிலிருந்தும் அதைக் கவனமாகப் பிடுங்கினேன். எறிய மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி அன்று மத்தியானம் வறை வறுத்தா. சந்தனக் கன்றுகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த தாயைத்தான் நாங்கள் அன்று சாப்பிட்டோம்.

வடமராட்சியிலும் வலிகாமத்திலும் இப்போது பலர் சந்தனம் நடுவது பற்றிக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களின் காணிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. தோட்டத்துக்குக் கூலியாள் கிடைப்பதில்லை. கிணற்று நீர் சவராகிறது. இந்த நிலையில் "நட்டுவிட்டால் போதும், 15 வருடத்தில் கோடி" என்ற பேச்சு காதில் விழுந்தால் யாருக்கும் ஆசை வரும். அப்படி நினைப்பவர்களுக்கு என் தவறுகளும் அவற்றிலிருந்து அறிந்தவையும் உதவலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் மண்ணும் தண்ணீரும்

தொண்டைமானாறு என்ற பெயரை இங்கே வராதவர்களும் அறிவார்கள். தமிழில் உயர்தரம் படித்தவர்களுக்கு அது வெளிக்கள நிலையத்தின் பரீட்சைத் தாள். அடியார்களுக்குச் செல்வச்சந்நிதி. தோட்டக்காரருக்கு அது ஒரு பாலமும் அதன் கதவுகளும். பெயரில் ஆறு இருந்தாலும் இது கடலோடு சேரும் நீரேரியின் வாய். கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுத்து, மாரி மழைநீரைத் தேக்கி, நிலத்தின் உவரைக் கழுவுவதற்காக 1950களின் முற்பகுதியில் இங்கே தடுப்பணை அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த திட்டத்தில் இந்த அணைக்கும் ஓர் இடம் உண்டு. கதவுகள் பழுதாகிக் கிடந்த காலத்தில் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதைக் கிணற்று நீரின் சுவையிலேயே அறிந்தோம்.

குடாநாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் நன்னீரை இறைத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைகின்றன. அந்த நன்னீர், கீழே இருக்கும் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படை. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். கரையோரக் கிணறுகளில் ஆவணி, புரட்டாதியில் இது நன்றாகத் தெரியும்.

எங்கள் காணி 12 பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் முக்கால் ஏக்கர். கிணற்றோடு ஒட்டிய 8 பரப்பில் இறைப்புப் பயிர் செய்கிறோம். மேட்டுப் பக்கமாக இருக்கும் 4 பரப்பு மழையை நம்பிய நிலம். ஓரடி, ஒன்றரை அடிச் செம்மண்ணுக்குக் கீழே கல். அப்பா காலத்தில் அதில் குரக்கனும் எள்ளும் போட்டார்கள். பிறகு வருடக்கணக்காக அது தரிசாகவே கிடந்தது. சந்தனம் நட்டது அந்த 4 பரப்பில்தான்.

குருவிச்சையின் உறவுமரம்

மாமரத்தில் குருவிச்சை பிடிப்பதைப் பார்க்காதவர் இல்லை. இலை பச்சையாக இருக்கும், தானே உணவும் தயாரிக்கும். ஆனால் தண்ணீரையும் உப்புச் சத்தையும் மாவின் கொப்பிலிருந்து உறிஞ்சும். சந்தனமும் அதே வரிசையைச் சேர்ந்த தாவரம்தான். குருவிச்சை கொப்பில் செய்வதைச் சந்தனம் மண்ணுக்குள் செய்கிறது. அதன் வேர் நுனிகள் அயல் செடியின் வேரைத் தேடிப் போய், சிறு குமிழ் போன்ற உறிஞ்சியால் அதைக் கவ்விக்கொள்ளும். தண்ணீரும், நைதரசன், பொசுபரசு போன்ற சத்துக்களும் அதன் வழியாக வரும். இதனால் சந்தனத்தை அரை ஒட்டுண்ணி என்கிறார்கள். அது பற்றி வளரக்கூடிய தாவரங்கள் என்று 300க்கும் மேற்பட்டவை பதிவாகியிருக்கின்றன.

எனக்கு இதைக் கண்ணால் காட்டியவர் என்னிடம் படித்த ஒரு மாணவி. இப்போது விவசாயப் போதனாசிரியராக இருக்கிறார். பட்டுப்போன வரிசையைப் பார்த்துவிட்டு, தப்பிய மூன்று கன்றுகளும் எங்கே நிற்கின்றன என்று கேட்டார். மூன்றும் வேலியோரம் நின்றன. அந்த வேலியில் பூவரசும் சீமைக்கிளுவையும் கதியாலாக நட்டிருந்தோம். அவர் குந்தியிருந்து விரலால் மண்ணைக் கிளறினார். சீமைக்கிளுவை வேரின் மேல் கடுகளவில் குமிழ்கள் ஒட்டியிருந்தன.

"சேர், மற்றதெல்லாம் பசியில செத்திருக்கு. இது மூண்டும் வேலியில சாப்பிட்டுத் தப்பியிருக்கு," என்றார்.

"புத்தகத்தில ஒட்டுண்ணி படிப்பிச்சனான் பிள்ளை. சந்தனத்தை அதில சேர்த்துப் பார்க்கேல்லை," என்றேன். அவர் சிரிக்கவில்லை. அது அவரின் நல்ல குணம்.

அந்த மூன்று மரங்களும் இன்னும் நிற்கின்றன. 2017 மாரிக்கு முன் அதே 4 பரப்பில் மீண்டும் 40 கன்றுகள் நட்டேன். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டாம் முயற்சியிலிருந்து.

கன்றும் விதையும்

கன்று வாங்கும்போது பைக்குள் துணைச்செடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது பொன்னாங்காணி இனமாக இருக்கும். இருந்தால் பிடுங்க வேண்டாம். கன்றை மூடி வளர்ந்தால் நுனியை மட்டும் கிள்ளிவிடலாம். ஓரடிக்குக் குறையாத உயரமும், அடித்தண்டு மண்ணிறமாக மாறத் தொடங்கிய முதிர்ச்சியும் உள்ள கன்றே நல்லது. பை கிழிந்து வேர் நிலத்துக்குள் இறங்கிய கன்றை வாங்காதீர்கள். இழுத்து எடுக்கும்போது வேர் அறுந்துவிடும்.

விதையிலிருந்து தொடங்க விரும்புபவர்களுக்குப் பொறுமை வேண்டும். கறுத்துப் பழுத்த பழங்களைச் சேர்த்து, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி எடுக்க வேண்டும். ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 6,000 விதைகள் இருக்கும். புதிய விதைக்கு இரண்டு மாதம் வரை உறக்க காலம் உண்டு. ஒன்பது மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் முளைதிறன் விழும். நாற்றுமேடைகளில் ஜிபரலிக் அமிலக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்து விதைக்கிறார்கள். அப்படிச் செய்தாலும் முளைக்க ஒரு மாதம் தொடங்கி மூன்று மாதம் வரை எடுக்கும். எலியும் அணிலும் விதையைத் தோண்டித் தின்னும். மேடைக்கு மேல் வலை கட்டாவிட்டால் மிஞ்சாது.

இந்தியாவிலிருந்து விதையோ கன்றோ தனிப்பட்ட முறையில் கொண்டுவருவதைத் தவிர்க்க வேண்டும். தாவரத் தொற்றுத் தடுப்புச் சட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சந்தனத்தின் கூர்நுனி நோய். 1899இல் குடகில் முதன்முதலில் பதிவான இந்த நோயில் இலைகள் சிறுத்து, விறைத்து, ஆணி போலக் கொத்தாக நிற்கும். பூவும் காயும் நின்று, ஓரிரு வருடங்களில் மரம் செத்துப்போகும். மிகநுண்ணிய ஒரு கிருமி இதற்குக் காரணம், பூச்சிகள் பரப்புகின்றன. குணப்படுத்தும் மருந்து இல்லை. இங்கே இல்லாத நோயை ஒரு பயணப்பைக்குள் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது.

குழி, இடைவெளி, துணைமரம்

சந்தனத்துக்குச் செம்மண்ணும் சரளை மண்ணும் பிடிக்கும். அதற்குக் கல் தடையில்லை. வேரடியில் தண்ணீர் நிற்பதைத்தான் அது தாங்காது. நீரேரிக் கரையின் தாழ்ந்த உவர் நிலங்களில் நட வேண்டாம். எங்கள் இடத்தில் ஒன்றரை அடி ஆழம், அகலம், நீளத்தில் குழி எடுத்தோம். அடியில் கல் வந்த இடங்களில் அலவாங்கால் உடைத்து வேர் இறங்க வழி விட்டோம். மேல்மண்ணோடு உக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்பினோம்.

3 மீற்றர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 450 மரங்கள் வரும். விற்பவர்கள் சொல்லும் எண்ணிக்கை பெரும்பாலும் இதுதான். ஊடுபயிரும் துணைமரமும் வேண்டுமென்றால் அது நெருக்கம். நான் 5 மீற்றர் விட்டேன். பரப்புக்கு 10 மரம்.

துணையை மூன்று அடுக்காக வைக்க வேண்டும் என்பது போதனாசிரியர் சொன்ன முறை.

முதலாவது, கன்றோடு கூடப் பிறந்த துணை. பைக்குள் வந்த பொன்னாங்காணி அது. கன்று ஊன்றிய அன்றே, ஓரடி தள்ளி இரண்டு துவரை விதையும் போட வேண்டும். துவரை வேகமாக வளர்ந்து முதலிரண்டு வருடம் வேருக்கு உணவும் கோடை வெயிலுக்கு நிழலும் தரும்.

இரண்டாவது, இடைக்காலத் துணை. ஒன்றரை மீற்றர் தூரத்தில் அகத்தி நட்டேன். துவரை ஓய்ந்துபோகும் நேரத்தில் அகத்தி வேர் வந்து சேரும். இலை வீட்டுக்கும் ஆட்டுக்கும் உதவும்.

மூன்றாவது, நீண்டகாலத் துணை. இருபது வருடம் கூட நிற்கக்கூடிய மரம் வேண்டும். சவுக்கு மிகச் சிறந்தது என்பது ஆய்வுகளில் தெளிவானது. மணற்காட்டுச் சவுக்கங்காட்டைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கரையோரத்தில் அந்த மரம் எவ்வளவு நன்றாக வரும் என்று சொல்லத் தேவையில்லை. நான் வேலியில் ஏற்கனவே இருந்த சீமைக்கிளுவையையும், வரிசைகளுக்கு நடுவே தேசியையும் மாதுளையையும் தெரிந்தெடுத்தேன். சீமைக்கிளுவை வெட்ட வெட்டத் துளிர்க்கும், குழை தாழ்க்கலாம், காற்றிலிருந்து நைதரசனையும் சேர்க்கும். தேசியும் மாதுளையும் வருடத்துக்குக் கொஞ்சமாவது காசு தரும்.

ஒரு எச்சரிக்கை. சின்னக் கன்றுக்கு நிழல் வேண்டும். வளர்ந்த மரத்துக்கு வெயில் வேண்டும். துணைமரம் சந்தனத்தை மூடி வளர விட்டால் சந்தனம் நெட்டையாக மெலிந்து போகும். மாரி தொடங்கும்போது ஒரு தடவையும் மாசியில் ஒரு தடவையும் கொப்பு வெட்ட வேண்டும்.

என்ன பயிரோடு சேரும், எதோடு சேராது

வரிசைகளுக்கு இடையில் மாரிக்காலத்தில் பயறு, உழுந்து, குரக்கன், எள் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போட்டோம். முதல் நான்கு வருடமும் விளைச்சல் குறையவில்லை. ஐந்தாவது வருடத்திலிருந்து மரத்தடியிலிருந்து ஒரு மீற்றர் தூரத்துக்குள் நின்ற பயறு சோர்ந்து காய் குறைந்தது. நிழல் ஒரு காரணம். சந்தன வேர் பயறையும் கவ்வியது மற்றக் காரணம். இப்போது மரத்தைச் சுற்றி அந்த வட்டத்தில் விதைப்பதில்லை. சருகு மூடி விடுகிறோம்.

வெங்காயத்தோடு சந்தனம் சேராது. வெங்காயத்துக்கு அடிக்கடி இறைக்க வேண்டும், மண்ணைக் கொத்திப் பாத்தி கட்ட வேண்டும். கொத்தும்போது உறிஞ்சி வேர்கள் அறும். புகையிலைக்கும் அதே கதை. மிளகாய், கத்தரி இரண்டையும் சந்தன வேர் நன்றாகப் பற்றும். மரத்துக்கு அது விருந்து, தோட்டக்காரருக்கு நட்டம். இறைப்புத் தோட்டத்துக்குள் சந்தனத்தைக் கொண்டுவராதீர்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. அதற்குரிய இடம் வேலியோரமும் வானம் பார்த்த நிலமும்.

களைக்கொல்லி அடிக்கவே கூடாது. துணைச்செடியில் பட்ட மருந்து வேர்வழியாகச் சந்தனத்துக்கும் போகும்.

தண்ணீரும் இரண்டு கெட்ட வருடங்களும்

முதல் இரண்டு கோடையும் கன்றுக்கு வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம். மூன்றாம் வருடத்திலிருந்து நிறுத்திவிட்டோம்.

2020 மார்கழி தொடக்கத்தில் புரவிப் புயலோடு வந்த மழையில் காணியின் வடகீழ் மூலையில் பல நாள் வெள்ளம் நின்றது. அங்கே நின்ற 6 மரங்கள் தை பிறக்கும்போது இலை கொட்டி நின்றன, பிறகு துளிர்க்கவில்லை. மேட்டுநிலம் என்று நினைத்திருந்த இடத்திலும் ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. நடுவதற்கு முன் ஒரு மாரி முழுக்கக் காணியில் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். இன்னும் 3 மரங்களைப் படலை திறந்திருந்த ஒரு நாளில் ஆடுகள் முடித்தன. சந்தன இலை ஆட்டுக்கு அவ்வளவு விருப்பம். 40இல் 31 மிஞ்சியது.

2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அடுத்த வருடம் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைப்பவர்களுக்கு அது என்ன அடி என்று வடமராட்சியில் யாரையும் கேட்கலாம். அந்தப் போகம் எங்கள் 8 பரப்பில் பாதியைத் தரிசாக விட்டோம். மேட்டுக் காணியில் மட்டும் எதுவும் மாறவில்லை. அங்கே யூரியாவும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. அந்த வருடம்தான் இந்த மரங்களின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு வந்தது.

வைரம் எப்போது பாயும்

பனை மரத்தில் வைரம் எது, வெளிறு எது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சந்தனத்திலும் விலை வைரத்துக்கு மட்டும்தான். வாசனை எண்ணெய் இருப்பது நடுவைரத்திலும் வேரிலும். வெளியே உள்ள வெள்ளைக்கட்டையில் எண்ணெய் இல்லை என்றே சொல்லலாம். நல்ல எண்ணெய் என்றால் அதில் ஆல்பா சந்தலோல் 41 முதல் 55 வீதமும், பீற்றா சந்தலோல் 16 முதல் 24 வீதமும் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு.

வைரம் பொதுவாக 10 வயதுக்குப் பிறகே பாயத் தொடங்கும். வெட்டுவதற்கு 20 வருடமாவது வேண்டும். 30 என்றால் நல்லது. ஒரே நாளில் நட்டு அருகருகே நிற்கும் இரண்டு மரத்தில் ஒன்றில் வைரம் இருக்கும், மற்றதில் பெயருக்கு இருக்கும். பருமனை வைத்து உள்ளே உள்ளதைச் சொல்ல முடியாது. தண்ணீரும் உரமும் ஊட்டி வேகமாகப் பருக்க வைத்த மரத்தைவிட, வறண்ட கல் நிலத்தில் மெதுவாக வளர்ந்த மரத்தில்தான் வைரம் நன்றாக இருக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். வேலியோரம் தப்பிய என் மூன்று மரங்களிலும் சுண்டுவிரல் பருமனுக்கும் வைரம் இருக்குமென்று நான் நம்பவில்லை.

"மரம் ஒன்றுக்கு இத்தனை கிலோ, கிலோ இத்தனை ஆயிரம், ஏக்கருக்கு இத்தனை கோடி" என்று பெருக்கிக் காட்டும் தாளை நம்பாதீர்கள். அந்தப் பெருக்கலில் செத்த மரம் இல்லை, வைரம் பாயாத மரம் இல்லை, ஆடு இல்லை, கள்ளன் இல்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஓர்ட் ஆற்றுப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெக்ரயரில், துணைமரங்களோடு வரிசையாக, பாசனம் செய்து இந்தியச் சந்தனம் வளர்க்கிறார்கள். முதலீட்டாளர்களின் பணத்தில் அங்கே மிகப் பெரிதாக வளர்ந்த குவின்ரிஸ் நிறுவனமே 2018இல் கடனில் விழுந்து நிருவாகிகளின் கைக்குப் போனது. மரம் வளர்வது ஒரு கணக்கு, முதலீடு திரும்புவது வேறொரு கணக்கு.

சட்டமும் காவலும்

சந்தனத்தின் வரலாற்றில் கமக்காரர் பெரும்பாலும் வெளியேதான் நின்றிருக்கிறார். மைசூரில் 1792இல் திப்பு சுல்தான் அதை அரச மரமாக அறிவித்தார். அதன் பின்பும் நெடுங்காலம் சொந்தக் காணியில் முளைத்த சந்தனமும் அரசுக்கே உரியது என்ற நிலை இருந்தது. கமக்காரர்கள் என்ன செய்தார்கள்? முளைத்த கன்றைக் கண்டவுடன் பிடுங்கி எறிந்தார்கள். வம்பு வேண்டாம் என்று. 1950களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 தொன் என்றிருந்த இந்திய வைர உற்பத்தி, நூற்றாண்டு முடியும்போது அதன் சிறு பகுதியாகக் குறைந்தது. கள்ளக் கடத்தல் அதற்குப் பெரிய காரணம். வீரப்பனின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. கருநாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி, காணிக்காரருக்கே மரம் சொந்தம் என்று ஆக்கின. அதன் பிறகுதான் அங்கே தோட்டங்களில் சந்தனம் பெருகியது. கேரளத்து மறையூரில் காட்டில் நிற்கும் சந்தன மரங்களுக்கு இன்றும் இலக்கமிட்டுக் காவல் காக்கிறார்கள்.

இலங்கையில் சந்தனம் இயல்பாக வளர்வது ஊவாப் பக்கம். பதுளை, வெலிமடைச் சரிவுகளில். அங்கே அதை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். வீட்டுக் காணியில் நடுவதற்குத் தடையில்லை என்றாலும், வெட்டவும் ஏற்றவும் அனுமதி என்ற கட்டம் வரும். எங்கள் ஊரில் பனை தறிக்கவே அனுமதி எடுக்கிறோம். சந்தனம் போன்ற விலையுள்ள மரத்துக்கு இன்னும் கவனம் தேவை. நட்ட உடனேயே கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்துக்கும், வனவளத் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி, காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். இருபது வருடம் கழித்து மரம் உங்கள் காணியில் நீங்கள் நட்டது என்று நிறுவ அந்தத் தாள் வேண்டும்.

காவலுக்கு என்று தனி மருந்து இல்லை. நான் எடுத்த ஒரே முடிவு, மரங்களை வீட்டிலிருந்து பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தது. ஆளில்லாத காணியில் நடுவதென்றால், நீங்கள் கள்ளனுக்காக வளர்க்கிறீர்கள்.

தம்பியின் கேள்வி

ரொறன்ரோவில் இருக்கும் தம்பி போன வருடம் ஒரு திட்டத்தோடு தொலைபேசி எடுத்தான். 12 பரப்பையும் சந்தனமாக்குவோம், செலவு தன்னுடையது என்றான்.

"அண்ணை, உங்களுக்கும் வயசு போகுது. இனி வெங்காயத்தோட மாரடிக்க வேண்டாம். நட்டுப்போட்டு இருங்கோ."

"நட்டுப்போட்டு இருக்கிற மரமில்லையடா இது," என்றேன்.

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கு 68 வயது. பிள்ளைகள் இருவரும் ஊரில் இல்லை. ஆனால் அந்த 8 பரப்பில் இரண்டு குடும்பங்கள் எங்களோடு சேர்ந்து உழைத்துச் சாப்பிடுகின்றன. சந்தனம் முழுவதையும் மூடினால் அடுத்த இருபது வருடம் அந்தக் காணி ஒருவருக்கும் சோறு போடாது. ஊரில் இன்னும் மிஞ்சியிருக்கும் கொஞ்சத் தோட்டக்காரரும் போன பிறகு, மரத்தைக் காக்க யார் இருப்பார்?

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். 1987 வைகாசியில் வடமராட்சியை விட்டு ஓடியபோது அவனுக்கு 18 வயது. அப்பா நட்டிருந்த தோடைகள் அந்தக் கோடையில் தண்ணீரில்லாமல் பட்டன. அதன் பிறகும் இடம்பெயர்ந்தோம். இருபது வருடம் ஒரே இடத்தில் இருப்போம் என்று நினைத்து ஒரு மரத்தை நடும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு விட்டுப்போயிற்று. ஒரு போகத்தில் கைக்கு வரும் பயிரையே தேடினோம். அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் நானும் சந்தனம் நட்டேன். ஆனால் 4 பரப்பில் மட்டும். பட்டாலும் குடும்பம் படாத அளவுக்கு.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, அந்தத் தோடை எந்த இடத்தில் நின்றது என்று கேட்டான். அந்த இடத்தில் இப்போது தேசி நிற்கிறது என்றேன்.

பேசி முடிவு செய்தது இதுதான். 8 பரப்பும் தோட்டமாகவே இருக்கும். அவன் தர நினைத்த காசில் ஒரு பகுதிக்கு வேலி அடைத்துப் படலை போட்டோம். ஆடு இனி வராது. அவனுடைய பங்கில், தெற்கு வேலி நெடுக 12 சந்தனம் மட்டும் நடுகிறோம். அதற்கான சீமைக்கிளுவைக் கதியால்களைப் போன மாரியிலேயே ஊன்றிவிட்டேன். துணை முதலில் வேர்விடட்டும், கன்று பிறகு வரட்டும் என்று இந்த முறை வரிசையை மாற்றியிருக்கிறேன்.

கன்றுகள் வீட்டு முற்றத்தில் நிழலில் இருக்கின்றன. வேலியோரத்து மரங்களில் பழுத்த விதையில் முளைத்தவை. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு பொன்னாங்காணி நிற்கிறது. மனைவிக்கு அதைக் காட்டி, வறைக்கு வேறு இடத்தில் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்.